புது நன்னீர் நண்டை விவரிக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

போன வாரம் ஒரு மாணவர் ஜாடியோடு வந்தார். "புது இனம்தான் சார்" என்றார். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடையில் பிடித்த நண்டு. ஜாடிக்கு வெளியே ஒட்டிய தாளில் 'வால்பாறை' என்று மட்டும் இருந்தது. அதிலும் ஒரு மூலை பிரிந்து தொங்கியது. பல வருஷத்துக்கு முன் நான் செய்த அதே தவறு.

நிறத்தை நம்புவது

ஒரே இனத்துக்குள்ளேயே நிறம் மாறும். ஆல்கஹாலில் போட்டால் அதுவும் வெளுத்துவிடும். உயிரோடு இருக்கும்போதே படம் எடுங்கள். ஆனால் முக்கியமாகப் பார்க்க வேண்டியது, வளர்ந்த ஆணின் வயிற்று மடிப்புக்குள் இருக்கும் முதல் இணை கோனோபாடுகளை, அதாவது இனச்சேர்க்கைக்கான கால்களை. குஞ்சு நண்டை வைத்துக்கொண்டு எழுத உட்காராதீர்கள்.

ஃபார்மலின்

பதப்படுத்த இது வேண்டாம். டி.என்.ஏ. கெட்டுவிடும். முதலில் நண்டின் ஒரு காலை எடுத்து 95% எத்தனாலில் போடுங்கள்.

லேபிள்

இதை நினைத்தால் இன்னும் எனக்கு ஆறவில்லை. வால்பாறைக்கு மேலே, நல்ல மழையில், இரண்டு ஓடைகளில் நண்டு பிடித்தேன். லேபிளைப் பால்பாயின்ட் பேனாவில் எழுதி ஜாடிக்குள் போட்டேன். மூன்று மாதம் கழித்துத் திறந்தால் எத்தனால் இளநீலம், தாள் வெள்ளை. எது எந்த ஓடை?

கடல் நண்டு என்றால் அதன் லார்வா நீரோட்டத்தில் தொலைதூரம் போகும். நம் மலை நண்டுக்கு லார்வாப் பருவமே வெளியில் கிடையாது. முட்டையிலிருந்து குட்டி நண்டாகவே வந்து தாயின் வயிற்றோடு ஒட்டிக் கிடக்கும். அதனால் ஒரு மேட்டுக்கு இந்தப் பக்கம் ஓர் இனம், அந்தப் பக்கம் வேறு இனம் என்றுகூட இருக்கலாம். ஓடை தெரியாத நண்டை ஹோலோடைப்பாக, அதாவது அந்த இனப் பெயருக்கு ஆதாரமான ஒற்றை மாதிரியாக வைத்து என்ன சொல்வது? அடுத்த மழைக்காலம் மறுபடி போனேன். வளர்ந்த ஆண் ஒன்றுகூடக் கிடைக்கவில்லை. ஒரு வருஷம் போயிற்று.

பென்சிலில் எழுதுங்கள். கெட்டித் தாள், ஜாடிக்கு உள்ளே. ஓடையின் பெயர், அட்சரேகை, தீர்க்கரேகை, உயரம், தேதி, பிடித்தவர் பெயர். கரையிலேயே எழுதுங்கள், அறைக்கு வந்து அல்ல.

கடையில் வாங்கும் கிரேஃபிஷுக்கும் (இறால் போன்ற நன்னீர் உயிரி) இதே பாடுதான். மேற்குப் பப்புவாவின் செராக்ஸ் புல்கர் 2015-இல் பெயர் பெறுவதற்கு முன்பே மீன்தொட்டிக்காக விற்கப்பட்டது. வியாபாரி சொல்லும் ஊரை அப்படியே எழுதிவிட முடியாது.

ஒப்பிடாமல் அறிவிப்பது

விலங்கியலாளர் ஆல்காக் 1910-இலேயே இந்திய நன்னீர் நண்டுகளுக்குப் பட்டியல் போட்டுவிட்டார். உங்கள் நண்டு அதில் இருக்கிறதா என்று பார்த்தீர்களா? படத்தோடு நிறுத்தாமல் பழைய மாதிரிகளையும் நேரில் பாருங்கள்.

அனுமதி

வனத்துறையின் எழுத்து அனுமதி கைக்கு வராமல் ஓடையில் இறங்காதீர்கள்.

பதிவு

மின்னிதழில் மட்டும் வெளியிட்டால், முன்னதாகவே ஜூபேங்கில் (விலங்குப் பெயர்களுக்கான இணையப் பதிவேடு) பதிவு செய்து, அந்தப் பதிவுக்கான சான்று கட்டுரைக்குள் இருக்க வேண்டும். இல்லையென்றால் வைத்த பெயர் செல்லாது.