ஒளியிழையை ஃபோட்டானிக் சிப்போடு இணைப்பது எப்படி? முதன்முறை செய்பவர்களுக்கு

மின்சாரத்துக்குப் பதிலாக ஒளியைக் கொண்டு வேலை செய்வது ஃபோட்டானிக் சிப். எவ்வளவு அழகாக வடிவமைத்த சிப்பும் ஒளி உள்ளே போகும்வரை வெறும் சிலிக்கான் துண்டுதான். ஒளியை உள்ளே அனுப்புவதோ நினைப்பதைவிடக் கடினம். சாதாரண ஒற்றைமுறை (single-mode, ஒளி ஒரே வடிவில் மட்டும் ஓடும்) ஒளியிழையில் 1550 நானோமீட்டர் ஒளி ஏறக்குறைய 10 மைக்ரான் விட்டத்துக்குப் பரவி ஓடுகிறது. சிப்பில் அதே ஒளி போக வேண்டிய அலைவழியின் (ஒளியை அடக்கி நடத்திச் செல்லும் மெல்லிய சிலிக்கான் கோடு) அகலம் சுமார் 500 நானோமீட்டர், உயரம் 220 நானோமீட்டர். பரப்பளவில் எழுநூறு மடங்குக்கு மேல் வித்தியாசம். இழையை நேராகக் கொண்டுபோய் அலைவழியின் வாயில் வைத்தால் ஒளியில் பெரும்பகுதி வெளியே சிந்திவிடும்.

எந்த வழி?

இரண்டு வழிகள் உண்டு. முதலாவது, சிப்பின் ஓரத்திலிருந்து இணைப்பது. அலைவழியின் நுனியை 100, 150 நானோமீட்டர் அளவுக்கு மெலியவிட்டால் ஒளி அதற்குள் அடங்காமல் வெளியே விரியும். அந்த விரிந்த வட்டத்தோடு லென்ஸ் முனை கொண்ட இழையைப் பொருத்துவார்கள். இழப்பு குறைவு, பல அலைநீளங்களுக்கும் ஒத்துவரும். ஆனால் 2.5 மைக்ரான் அகல ஒளிப்புள்ளியில் வெறும் அரை மைக்ரான் விலகினாலே 0.7 டெசிபல் போய்விடும் (3 டெசிபல் இழப்பு என்றால் பாதி ஒளி போய்விட்டது என்று பொருள்).

இரண்டாவது, கிரேட்டிங் கப்ளர். சிப்பின் மேற்பரப்பில் சுமார் 630 நானோமீட்டர் இடைவெளியில் வரிவரியாகச் செதுக்கிய சிறு சதுரம் அது. மேலிருந்து சாய்வாக வரும் ஒளியை அந்த வரிகள் அலைவழிக்குள் திருப்பிவிடும். ஒரு முனைக்கு 3 முதல் 5 டெசிபல் இழப்பு சாதாரணம். ஆனால் இங்கே ஒளிப்புள்ளி பெரியது, 2.5 மைக்ரான் தள்ளிப் போனாலும் 1 டெசிபல்தான் கூடுதலாக இழப்பீர்கள். கற்றுக்கொள்பவர்கள் இதில்தான் தொடங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கீழே வருவதெல்லாம் இந்த வழிக்கானது.

படி 1: இழையைத் தயார்செய்தல்

மேலுறையை உரித்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட, பஞ்சு உதிராத துணியால் ஒருமுறை துடைத்து, கிளீவரில் (இழையைச் சமமாக வெட்டும் கருவி) வைத்து முனையை வெட்டுங்கள். நுண்ணோக்கியில் முனை கண்ணாடிபோலச் சமமாகத் தெரிய வேண்டும். மூலை உடைந்திருந்தால் தயங்காமல் மறுபடி வெட்டுங்கள்.

1550 நானோமீட்டர் ஒளி கண்ணுக்குத் தெரியாது. அதனால் லேசர் ஓடும்போது இழை முனையை ஒருபோதும் கண்ணுக்கு நேரே பிடிக்காதீர்கள். முனையைத் தொடும் ஒவ்வொரு முறையும் லேசரை அணைத்துவிடுங்கள்.

படி 2: வரிசை

லேசர், போலரைசேஷன் கன்ட்ரோலர் (ஒளி அலை அதிரும் திசையை மாற்றும் கருவி), உள்ளீட்டு இழை, சிப், வெளியீட்டு இழை, பவர் மீட்டர். இதுதான் வரிசை. இரண்டு இழைகளையும் செங்குத்திலிருந்து சுமார் 10 டிகிரி சாய்த்துப் பிடியுங்கள். கோணமும் சாயும் திசையும் உங்கள் கப்ளரின் வடிவமைப்பைப் பொறுத்தவை. திசை மாறினால் ஒளி நுழையும் அலைநீளமே வேறெங்கோ போய்விடும்.

முதல் முயற்சிக்கு, இரண்டு கப்ளர்களை நேரடி அலைவழி ஒன்று மட்டும் இணைக்கும் சோதனை அமைப்பைத் தேர்ந்தெடுங்கள். நடுவில் வேறு பாகம் இருந்தால், ஒளி வராததற்குக் காரணம் இழையா அந்தப் பாகமா என்று புரியாது.

படி 3: முதல் ஒளி

பொறுமை வேண்டிய இடம் இதுதான். மேலிருந்து பார்க்கும் கேமராவில் இழை முனையைக் கப்ளருக்கு மேலே கொண்டுவாருங்கள். பிறகு பக்கவாட்டுக் கேமராவுக்கு மாறுங்கள். சிப்பின் பரப்பு கண்ணாடிபோலப் பளபளப்பதால் இழையும், கீழே அதன் பிம்பமும் ஒன்றையொன்று நோக்கி நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். இழையை இறக்க இறக்க இரண்டும் நெருங்கி வரும். அந்த இடைவெளியில் சரிபாதிதான் உண்மையான உயரம். இழையின் தடிமன் 125 மைக்ரான் என்பதால் அதையே அளவுகோலாக வைத்துக் கணக்கிடலாம். முதலில் 50 மைக்ரான் உயரத்தில் நிறுத்துங்கள். ஆரம்பத்தில் நான் பிம்பத்தைக் கவனிக்காமல் அவசரமாக இறக்கி, இழை முனையால் ஒரு கப்ளரையே கீறிவிட்டேன். அந்தச் சோதனை அமைப்பு அதோடு போனது.

இரண்டு இழைகளும் இடத்துக்கு வந்ததும் மீட்டரைப் பாருங்கள். மைனஸ் 60 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டை 0 ஆகக் கொண்டு டெசிபலில் சொல்லும் திறன் அளவு) பக்கத்தில் எண் துள்ளிக்கொண்டிருக்கும். ஓர் இழையை அசைக்காமல், மற்றதை மட்டும் சிறு சிறு சுற்றுகளாக, வெளிநோக்கி விரியும் சுருள்போல நகர்த்துங்கள். திடீரென்று எண் மைனஸ் 40-க்குத் தாவும். கையை எடுத்துவிட்டு மூச்சு விடுங்கள், பாதை கிடைத்துவிட்டது.

படி 4: அது உண்மையான உச்சமா?

சில சமயம் ஒளி அலைவழிக்குள் போகாமல், சிப்பின் மேற்பரப்பில் பட்டுத் தெறித்து அடுத்த இழைக்குள் விழும். அதையும் மீட்டர் காட்டும். போலரைசேஷன் கன்ட்ரோலரைத் திருப்பிப் பாருங்கள். கிரேட்டிங் வழியாக வரும் ஒளி என்றால் எண் பலமாக ஏறி இறங்கும். அப்புறம் லேசரின் அலைநீளத்தை மாற்றிக்கொண்டே அளந்தால் குன்றுபோல ஒரு வளைவு வர வேண்டும். இரண்டும் இல்லையென்றால் அது தெறிப்பு. படி 3-க்குத் திரும்புங்கள்.

உண்மைதான் என்று தெரிந்தபின் ஓர் இழை, மற்ற இழை, போலரைசேஷன் என மாற்றி மாற்றிச் சரிசெய்யுங்கள். ஓரிரு சுற்றுக்குப் பிறகு உயரத்தை 10, 20 மைக்ரானுக்குக் குறையுங்கள். குன்றின் மேல் சீரான சிற்றலைகள் தெரிந்தால் பயப்பட வேண்டாம். பெரும்பாலும் இரண்டு கப்ளர்களுக்கும் நடுவே அலைவழியில் ஒளி முன்னும் பின்னும் எதிரொலிப்பதால் வருவது அது.

படி 5: கணக்கு

அனுப்பியது 0 டிபிஎம், வந்தது மைனஸ் 9 டிபிஎம் என்றால் மொத்த இழப்பு 9 டெசிபல். அலைவழி குட்டையாக இருந்தால் அதன் இழப்பைப் புறக்கணித்து இரண்டால் வகுக்கலாம். முனைக்கு 4.5 டெசிபல், முதல் முயற்சிக்கு நல்ல எண்.

படி 6: ஒட்டுதல்

அளந்து முடித்தால் போதும் என்றால் இதைத் தாண்டிவிடலாம். நிரந்தரமாக வேண்டுமென்றால், புற ஊதா ஒளியில் இறுகும், கண்ணாடிக்கு நிகரான ஒளிவிலகல் எண் கொண்ட பசையைப் பயன்படுத்துங்கள்.

இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. சமமாக வெட்டிய இழையைச் சாய்த்துப் பிடித்திருக்கும்போது நடுவிலுள்ள காற்றைப் பசை நிரப்பினால், ஒளி சிப்புக்குள் நுழையும் கோணம் மாறி, உச்ச அலைநீளம் பல பத்து நானோமீட்டர் குறைந்துவிடும். பலரும் இழை நகர்ந்துவிட்டது என்று நினைத்து மணிக்கணக்கில் தேடுவார்கள். முனையைச் சாய்வாகத் தீட்டிய இழைத்தொகுப்பில் (பல இழைகளை ஒரே கட்டையில் வரிசையாகப் பதித்தது), தீட்டிய முகம் சிப்புக்கு இணையாகவே இருப்பதால் இந்தத் தொல்லை கிடையாது. ஒட்டும் திட்டம் இருந்தால் முதலிலிருந்தே அதை வாங்குங்கள்.

பசை இறுகும்போது சுருங்கி இழையை இழுக்கும். அதனால் புற ஊதா விளக்கை முழுத் திறனில் எரியவிடாமல், சில நொடி அடித்து, மீட்டரைப் பார்த்து, இடத்தைத் திருத்தி, மறுபடி அடியுங்கள். நன்றாக இறுகியபின், சற்றுத் தள்ளி இழையின் உடல் அடித்தளத்தைத் தொடும் இடத்தில் இன்னொரு சொட்டு வையுங்கள். யாராவது இழையை இழுத்துவிட்டால் அந்த விசையை அதுதான் தாங்கும். பிடிப்பானை விடுவித்தபின் அலைநீள வளைவை மறுபடி ஒருமுறை அளந்து, ஒட்டும் முன் எடுத்ததோடு ஒப்பிட்டுக் குறித்து வையுங்கள்.