இடுக்கி மலைக்குப் புதுசா வந்திருக்கிறீர்களா? பிக்கப் வாங்கும் முன் இதைப் படியுங்கள்

தேனி, கம்பம், போடி, திண்டுக்கல் பக்கமிருந்து மலையேறி வந்து குமுளி, கட்டப்பனை, நெடுங்கண்டம், பூப்பாறை என்று குடியமரும் நம்மாட்கள் பலர், வீடு பிடித்த கையோடு தேடுவது ஒரு பிக்கப் வண்டியைத்தான். காய்கறி யாவாரமோ, ஏலத்தோட்டத்துக்கு உரம் மருந்து ஏற்றுகிற வேலையோ, எதுவானாலும் வண்டி இல்லாமல் இங்கே பிழைப்பு ஓடாது. ஆனால் கீழே சமவெளியில் மாமாவோ மச்சானோ எந்த வண்டி ஓட்டினாரோ அதையே இங்கேயும் வாங்கிவிடுகிறார்கள், அப்புறம் ஆறே மாதத்தில் கிளட்ச் போச்சு, டீசல் கட்டுப்படியாகவில்லை என்று வந்து நிற்கிறார்கள். வண்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டியது நீங்கள் ஏற்றப்போகும் பாரமும் ஏறப்போகும் மேடும்தான், ஷோரூம்காரர் கொடுக்கும் அட்டை இல்லை.

அதனால் ஷோரூமுக்குப் போகும் முன் ஒரு தாளில் எழுதுங்கள்: சாதாரணமாக ஒரு நாளைக்கு எத்தனை கிலோ, எந்த ரோட்டில், போகும்போது லோடா வரும்போது லோடா. போடியிலிருந்து காய்கறி ஏற்றி வருகிறவருக்கு போடிமெட்டு ரோட்டின் 17 கொண்டை ஊசி வளைவையும் லோடோடு ஏற வேண்டும். இங்கிருந்து ஏலக்காயைப் போடி ஏலத்துக்கு இறக்குகிறவருக்கு ஏற்றத்தில் வண்டி காலி, இறக்கத்தில்தான் பாரம். ஒரே ரோடுதான், ஆனால் முதல் ஆளுக்கு வேண்டியது இழுவை, இரண்டாவது ஆளுக்கு வேண்டியது பிரேக்கும் நல்ல டயரும்.

இழுவை என்று டிரைவர்கள் சொல்வது குதிரைத்திறனை அல்ல. டார்க், அதாவது எஞ்சினின் முறுக்குவிசை எவ்வளவு, அது எத்தனை ஆர்பிஎம்மில் (நிமிடத்துக்கு எத்தனை சுற்றில்) கிடைக்கிறது என்பதுதான் விஷயம். வளைவில் எதிரே பஸ் வந்துவிட்டால் பாதியிலேயே நிறுத்தி, மறுபடி முதல் கியரில் கிளப்ப வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் எஞ்சின் ஆயிரத்து ஐந்நூறு சுற்றுக்குள்ளேயே பலம் கொடுத்தால் வண்டி அமைதியாக நகரும், இல்லையென்றால் ஆக்சிலேட்டரை மிதித்து கிளட்சைத் தேய்த்துத்தான் ஏற்ற வேண்டும், அந்தக் கருகல் வாசனை கேபின் வரைக்கும் வரும். மகிந்திரா பொலேரோ பிக்கப்பில் 2.5 லிட்டர் டீசல் எஞ்சின், டாடா யோதாவில் 2.2 லிட்டர். அசோக் லேலண்ட் தோஸ்த்தும் டாடா இன்ட்ரா வி30-யும் 1.5 லிட்டர் டீசல். சின்ன எஞ்சின் என்பதற்காக ஒதுக்க வேண்டாம், நியாயமான லோடில் இதுவும் நன்றாகவே ஏறும். மண்ரோட்டுத் தோட்டத்துக்குள் தினமும் போக வேண்டியவர்கள் மட்டும் நான்கு சக்கரமும் இழுக்கும் மாடலைப் பாருங்கள். ஜூன் முதல் மழை பிடித்துவிட்டால் காலி வண்டியின் பின்சக்கரம் சேற்றில் நின்ற இடத்திலேயே சுற்றும், பின்னால் பாரம் இல்லாததுதான் காரணம். தார் ரோட்டிலேயே ஓடுகிறவர்களுக்கு அது தேவையில்லை, கூடுதல் எடையும் கூடுதல் டீசலும்தான் மிச்சம்.

டெஸ்ட் டிரைவ் என்று சொல்லி காலி வண்டியை பைபாஸில் ஓட்டக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். லோடோடு டெமோ கேளுங்கள், கேட்டால் ஏற்பாடு செய்கிறவர்கள் இருக்கிறார்கள். மேட்டில் நிறுத்தி ஹேண்ட் பிரேக் போட்டு காலை எடுங்கள், வண்டி பின்னால் ஊர்கிறதா பாருங்கள். அப்புறம் முதல் கியரில் கிளட்சை மெதுவாக விடும்போது எஞ்சின் திணறுகிறதா, ஸ்டீயரிங் லேசாகி முன்பக்கம் மிதப்பதுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். பத்து நிமிடம்தான் ஆகும், பத்து லட்சம் போடுகிறவர் இதைக் கேட்கக் கூச்சப்படக் கூடாது.

சரி, மைலேஜ். அட்டையில் போட்டிருக்கும் எண்ணை மறந்துவிடுங்கள். டேங்க் நிறைய அடித்து, கிலோமீட்டரைக் குறித்து, வழக்கமான லோடில் ஓட்டி, அதே பங்க்கில் மறுபடி நிறைய அடித்து வகுத்துப் பார்ப்பதுதான் உண்மையான மைலேஜ். அதையும் லிட்டருக்கு எத்தனை கிலோமீட்டர் என்று மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். ஒரு கணக்கு சொல்கிறேன். போக வர 60 கிலோமீட்டர், சரக்கு 1,200 கிலோ. 750 கிலோ தூக்கும் சின்ன வண்டி லிட்டருக்கு 18 கொடுக்கிறது என்று வைத்துக்கொள்வோம், இரண்டு நடை போக வேண்டும், 120 கிலோமீட்டருக்கு கிட்டத்தட்ட 6.7 லிட்டர். லிட்டருக்கு 12-தான் கொடுக்கும் பெரிய பிக்கப் ஒரே நடையில் 5 லிட்டரில் முடித்துவிடும், டிரைவருக்கு அரை நாளும் மிச்சம். ஆனால் உங்கள் தினசரி லோடு 500 கிலோதான் என்றால் கணக்கு அப்படியே தலைகீழ்: சின்ன வண்டிக்கு மூன்றேகால் லிட்டர் சொச்சம், பெரியதற்கு நாலரையைத் தாண்டும். தீபாவளிக்கும் ஓணத்துக்கும் வரும் பெரிய லோடை நினைத்து பெரிய வண்டி வாங்காதீர்கள், அந்த நான்கு நாளைக்கு வாடகை வண்டி பேசிக்கொள்ளலாம்.

டீசல் தமிழ்நாட்டில் லிட்டருக்கு சில ரூபாய் குறைவு. கீழே போய்வரும் வேலை இருக்கும்போது கம்பம் பக்கத்துக் கூடலூரிலோ போடியிலோ டேங்கை நிரப்பிக்கொண்டு ஏறுவது இங்கே எல்லோரும் செய்வதுதான், அதற்காகவே தனியாக ஒரு நடை இறங்குவதில் லாபம் இல்லை. டயர் காற்றை வாரம் ஒருமுறை பாருங்கள், லோடுக்கு ஏற்ற காற்று இல்லாவிட்டால் டீசலும் போகும் டயரும் போகும்.

இறக்கத்தைப் பற்றி கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் போட்டு உருட்டிக்கொண்டு இறங்குகிறவர்களை இந்த ரோட்டில் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு கலங்கும். இப்போது வரும் காமன் ரெயில் டீசல் எஞ்சினில், கியரில் இருக்கும்போது ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இஞ்செக்டர் டீசலை நிறுத்திவிடும், சக்கரம்தான் எஞ்சினைச் சுற்றவைக்கும். நியூட்ரலில் போட்டால்தான் எஞ்சின் தானாக ஓட டீசல் குடிக்கும். ஆக, மிச்சம் பிடிக்கவும் கியரில் இறங்குவதுதான் வழி. எஞ்சினையே ஆஃப் செய்துவிட்டு இறங்கினாலோ, நாலைந்து மிதியில் பிரேக் கல்லாகிவிடும், பவர் ஸ்டீயரிங் இருந்தால் அதுவும் இறுகிவிடும். எந்த கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள், பிரேக்கை மிதித்துக்கொண்டே வராமல் அழுத்தி வேகத்தைக் குறைத்துவிட்டு விடுங்கள். சக்கரத்திலிருந்து காட்டமான வாசனை வந்தால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்தி ஆறவிடுங்கள், தண்ணீர் ஊற்ற வேண்டாம்.

பின்னால் எதையாவது கட்டி இழுப்பது பற்றியும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் இருக்கும் சொந்தக்காரர் டொயோட்டா ஹைலக்ஸில் 3,500 கிலோ டிரெய்லர் இழுக்கும் வீடியோ அனுப்பியிருப்பார். அங்கே 750 கிலோவுக்கு மேல் போனால் டிரெய்லருக்கே தனி பிரேக் கட்டாயம், அந்த 3,500 என்பதும் பிரேக் உள்ள டிரெய்லருக்கான அளவுதான். இங்கே பட்டறையில் அடித்த கொக்கியை மாட்டி, பிரேக் இல்லாத இரண்டு சக்கரத் தொட்டியில் தண்ணீர் டேங்கை ஏற்றி இந்த வளைவுகளில் இறங்கினால், பிரேக் போடும்போது பின்னால் இருப்பது முன்வண்டியைத் தள்ளித் திருப்பிவிடும். டிரெய்லருக்கும் தனி ரிஜிஸ்ட்ரேஷன் வேண்டும், இன்சூரன்ஸிலும் அது இருக்க வேண்டும். தோட்டத்துக்குத் தண்ணீர் டேங்கோ மருந்தடிக்கும் மோட்டாரோ கொண்டுபோக வேண்டுமென்றால் பாடியிலேயே ஏற்றிக் கட்டுங்கள், டேங்க் முழுசாக நிறைந்திருக்கட்டும் அல்லது காலியாக இருக்கட்டும், பாதித் தண்ணீர் வளைவில் அலைந்து வண்டியைச் சாய்க்கும். பாதி வழியில் நின்றுபோன ஜீப்பை ஒர்க்‌ஷாப் வரை இழுக்கத்தான் இங்கே பெரும்பாலும் கொக்கி தேவைப்படும். இழுபடும் வண்டியில் லைசென்ஸ் உள்ள ஒருவர் ஸ்டீயரிங்கில் இருக்க வேண்டும், இரண்டு வண்டிக்கும் இடைவெளி 5 மீட்டருக்குள், நிதானமாகப் போக வேண்டும். இறக்கத்தில் கயிறு கட்டி இழுக்கவே கூடாது, அதற்கு ரெக்கவரி வண்டியைக் கூப்பிடுங்கள்.

பட்டறையில் பின்னால் இன்னொரு ஸ்பிரிங் பட்டை சேர்த்தால் இரண்டு டன் அடிக்கலாம் என்று யாராவது சொல்வார்கள். பட்டை சேர்த்தால் ஸ்பிரிங் தாங்கும், பிரேக்கும் ஆக்சிலும் அப்படியேதான் இருக்கும். ஓவர்லோடுக்கு மோட்டார் வாகனச் சட்டப்படி அபராதம் 20,000 ரூபாய், கூடுதலான ஒவ்வொரு டன்னுக்கும் இன்னும் 2,000. அதேபோல் தோட்டத்து வேலையாட்களைப் பிக்கப் பின்னால் ஏற்றாதீர்கள், யார் கேட்டாலும் சரி. ஏதாவது நடந்தால் இன்சூரன்ஸ் கைவிரித்துவிடும், அந்தக் குடும்பங்களுக்கு நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும்.

பேப்பர் விஷயம். கார் ஓட்டும் எல்எம்வி (இலகுரக வாகன) லைசென்ஸ் வைத்தே மொத்த எடை (வண்டியும் சரக்கும் சேர்த்து) 7,500 கிலோ வரையுள்ள சரக்கு வண்டியை ஓட்டலாம் என்று சுப்ரீம் கோர்ட் 2024 நவம்பரில் உறுதி செய்துவிட்டது, இதற்கென்று புது பேட்ஜ் வாங்கித் தருகிறேன் என்று சொல்லும் புரோக்கருக்குப் பணம் கொடுக்காதீர்கள். ஆர்சியில் மொத்த எடை 3,000 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டிக்கு பெர்மிட் தேவையில்லை, தாண்டினால் வேண்டும். ஒரே பெயரில் இரண்டு மாடல் இருந்தால் வாங்கும் முன் இந்த எண்ணைத்தான் முதலில் பாருங்கள். காய்கறிக்கு இ-வே பில் (சரக்கு கொண்டுபோக ஜிஎஸ்டி தளத்தில் எடுக்கும் சீட்டு) வேண்டாம். ஏலக்காய்க்கு, சரக்கு மதிப்பு 50,000 ரூபாயைத் தாண்டினால் வேண்டும், ஒரு மூட்டையே தாண்டிவிடும்.

இறக்குகூலி விஷயத்தில் சமவெளிப் பழக்கம் இங்கே செல்லாது. சுமைதூக்கும் தொழிலாளர் சங்கம் இருக்கும் ஊர்களில் எந்தச் சரக்குக்கு என்ன கூலி என்று ரேட் இருக்கிறது, முதல் லோடு வரும் முன்பே போய்க் கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாமல் நின்று பார்ப்பதற்குக் கேட்கும் நோக்குகூலியை 2018 மே 1 முதல் கேரள அரசு தடை செய்திருக்கிறது, யாராவது கேட்டால் சண்டைக்குப் போகாமல் லேபர் ஆபீஸில் எழுதிக் கொடுங்கள்.

ஊரிலிருந்து டிஎன் 60 வண்டியையே கொண்டு வந்திருப்பவர்கள், பன்னிரண்டு மாதத்துக்கு மேல் இங்கேயே நிறுத்தி ஓட்டப்போகிறீர்கள் என்றால் தேனி ஆர்டிஓவில் படிவம் 28-ல் என்ஓசி (தடையில்லாச் சான்று) வாங்கி இங்கே நம்பர் மாற்ற வேண்டும். லோன் இருந்தால் பேங்க் சம்மதக் கடிதம் வர நாளாகும், அதை முதலில் ஆரம்பியுங்கள்.