பட்டாசுப் பயத்துக்கு நாய்க்கு மாத்திரை: எங்கே தப்பு நடக்கிறது?

தீபாவளி நெருங்கினாலே நாய் வளர்ப்பவர்கள் கால்நடை மருத்துவரிடம் கேட்பது, "தூங்க வைக்க ஏதாவது மாத்திரை இருக்கா டாக்டர்?" முதல் தப்பே அங்குதான். தூக்கம் வேறு, பயம் தெளிவது வேறு.

அசெப்ரோமசினை எடுத்துக்கொள்ளுங்கள். ரொம்பக் காலமாக இதற்குக் கொடுத்து வந்த மருந்து. மூளையில் டோபமைன் என்ற வேதிப்பொருள் வந்து ஒட்டும் இடங்களை (ஏற்பிகளை) அடைப்பதால் நாய் துவண்டு மூலையில் படுத்துவிடும், நமக்கும் அப்பாடா என்றிருக்கும், ஆனால் அதன் காதில் வெடிச்சத்தம் விழுந்துகொண்டேதான் இருக்கிறது, பயமும் அப்படியே இருக்கிறது, எழுந்து ஓடத்தான் உடம்பு ஒத்துழைக்கவில்லை. சில நாய்களுக்குச் சத்தம் இன்னும் அதிகமாக உறைக்கவும் செய்யலாம். பயத்துக்கென்று இதை மட்டும் கொடுப்பது என் பார்வையில் கொடுமை.

அடுத்தது, நாய் நடுங்க ஆரம்பித்த பிறகு மருந்தைத் தேடுவது. அதற்குள் மூளையில் பதற்றத்தைக் கிளப்பும் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருள் எகிறியிருக்கும். டெக்ஸ்மெடிடோமிடின் அந்தச் சுரப்பைக் குறைக்கும் மருந்து, ஈறில் தடவும் ஜெல்லாக வருகிறது. சத்தம் தொடங்குவதற்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்பே தடவினால்தான் நன்றாக வேலை செய்யும்.

ஃப்ளூவாக்ஸெட்டின் கதையே வேறு. தனியாக விட்டால் பதறும் நாய்களுக்கு அமெரிக்காவில் 2007-இல் அனுமதி கிடைத்த மருந்து இது. மனநிலையோடு தொடர்புடைய செரோட்டோனின் என்ற மூளை வேதிப்பொருள் வழியாக மெதுவாக வேலை செய்யும், பலன் தெரியவே நாலு முதல் ஆறு வாரம் ஆகும். முந்தின நாள் ஒரு மாத்திரை போட்டுப் பிரயோஜனம் இல்லை.

அப்புறம், வீட்டில் பெரியவர்களுக்கு வாங்கி வைத்த டயசிபாம் என்ற பதற்றம் தணிக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுப்பது. நரம்பணுக்களை அடக்கி வைக்கும் மூளை வேதிப்பொருளின் பெயர் காபா; இது காபாவின் அளவைக் கூட்டுவதில்லை. இருக்கிற காபாவுக்கே நரம்பணுக்கள் கூடுதலாக அடங்கும்படி செய்கிறது. மனிதர் உடம்பில் ஒரு நாளுக்கு மேல் தங்கும், நாயிடம் சில மணி நேரத்தில் கரைந்துவிடும். சில நாய்கள் அடங்குவதற்குப் பதில் இன்னும் பரபரக்கும். பூனைக்கோ வாய்வழி டயசிபாம் அரிதாகக் கல்லீரலையே செயலிழக்க வைத்திருக்கிறது. பல வாரம் கொடுத்துவிட்டுச் சட்டென்று நிறுத்தினால் வலிப்பு வரலாம்.

மருத்துவர் எதை எழுதிக் கொடுத்தாலும் சரி, பண்டிகையன்றே முதல்முறையாகக் கொடுத்துப் பார்க்காதீர்கள். அதற்கு முன்பே, நீங்கள் வீட்டில் இருக்கும் ஓர் அமைதியான நாளில், அவர் சொன்ன அளவிலேயே ஒரு தடவை கொடுத்து, தள்ளாடுகிறதா, பரபரக்கிறதா என்று கவனித்து அவரிடம் சொல்லுங்கள்.