பிராண்டனில் தொழில் தொடங்குவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கனடாவின் மானிடோபா மாகாணத்தில், வின்னிப்பெக்கிலிருந்து மேற்கே ஏறத்தாழ 210 கிலோமீட்டர் தொலைவில், அசினிபோயின் ஆற்றங்கரையில் அமைந்திருக்கிறது பிராண்டன். 1881-இல் கனேடிய பசிபிக் ரயில் பாதை வந்ததால் பிறந்து, மறு ஆண்டே நகரத் தகுதி பெற்ற ஊர் இது. சுற்றியுள்ள வயல்களால் இதற்குக் 'கோதுமை நகரம்' என்ற பெயரும் உண்டு. டொராண்டோ வட்டாரத்து வாடகையும் வீட்டு விலையும் கட்டுப்படியாகாமல், இப்படிப்பட்ட 'பிரெய்ரி' எனப்படும் சமவெளி மாகாணங்களின் சிறு நகரங்களில் கடை வைக்கலாமா, நடக்கிற தொழில் ஒன்றை வாங்கலாமா என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்களை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். ஆண்டுக்கணக்கில் சேர்த்த பணம் ஊரைத் தவறாகப் படித்ததால் கரைந்துவிடக் கூடாது என்பதே என் கவலை.

பலர் செய்யும் முதல் தவறு, ஊரின் மக்கள் தொகையை வைத்து வியாபாரத்தைக் கணக்கிடுவது. 2021 கணக்கெடுப்பின்படி பிராண்டனில் 51,313 பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்த நகரத்தின் கடைகளும் மருத்துவமனையும் பழுது பார்க்கும் பட்டறைகளும் 'வெஸ்ட்மேன்' எனப்படும் தென்மேற்கு மானிடோபா முழுவதற்கும் பொதுவானவை. வெர்டன், சூரிஸ், கார்பெரி, நீப்பாவா போன்ற ஊர்களிலிருந்தும் அவற்றுக்கு இடையிலுள்ள பண்ணைகளிலிருந்தும் வருகிறவர்கள், ஒரே பயணத்தில் மருத்துவரைப் பார்த்து, டயர் மாற்றி, பிள்ளைக்குப் பூட்ஸ் வாங்கி, மளிகையும் ஏற்றிக்கொண்டுதான் திரும்புகிறார்கள். ஒரு மணி நேரம் வண்டி ஓட்டி வந்தவர் கதவு சாத்தியிருப்பதைக் கண்டால், அடுத்த முறை அந்தக் கடையைத் தம் கணக்கில் சேர்க்க மாட்டார். பெரிய பிக்கப் வண்டியைத் திருப்பி நிறுத்த இடமில்லாத கட்டடத்தை வாடகை குறைவு என்பதற்காக எடுப்பதும் இதே தவற்றின் இன்னொரு முகம்.

இரண்டாவது தவறு, வயலின் நாட்காட்டியை அறியாமல் கடையின் நாட்காட்டியை வகுப்பது. இதைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் விவசாயத்தோடு நேரடித் தொடர்பில்லாத தொழிலும் இங்கே அதன் தாளத்துக்கே ஆடுகிறது. பனி உருகி நிலம் காய்ந்ததும், ஏப்ரல் கடைசியிலிருந்து ஜூன் தொடக்கம் வரை விதைப்பு. ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கோதுமை, கனோலா என்ற எண்ணெய்வித்து, சோயா என்று அறுவடை. அந்த வாரங்களில் பண்ணைக் குடும்பம் உணவகத்துக்கோ தளபாடக் கடைக்கோ சாவகாசமாக வராது. ஆனால் அறுவடை இயந்திரம் நின்றுவிட்டால், சனிக்கிழமை மாலை ஏழு மணிக்கு உடைந்த பேரிங்கைக் கிரீஸ் படிந்த கையில் பிடித்தபடி உதிரிபாகக் கடையின் மேசை முன் விவசாயி நிற்பார். மறுநாள் மழை என்று வானிலை அறிக்கை சொல்லியிருக்கும். அறுக்கப்படாத வயல் அவர் மனத்தில் இருக்கும். அந்த நேரத்தில் அவர் முதலில் கேட்பது விலையை அல்ல, பொருள் கையில் இருக்கிறதா என்பதையே. அந்த மாலையில் உதவிய கடையை அவர் பல ஆண்டுகள் மறப்பதில்லை.

செலவழிக்க நேரம் கிடைப்பது குளிர்காலத்தில்தான். விளைந்த தானியத்தைக் களஞ்சியங்களில் வைத்துச் சிறுகச் சிறுக விற்பதும், வருமான வரியை முன்னிட்டு விற்ற தொகையின் ஒரு பகுதியை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் பெறுவதும் இங்குள்ள விவசாயிகளின் வழக்கம். சட்டம் அதற்கு இடம் தருகிறது. ஜனவரியில் கீஸ்டோன் மையத்தில் நடக்கும் மானிடோபா வேளாண் நாட்கள் கண்காட்சியும், வசந்த விடுமுறையில் அங்கேயே நடக்கும் ராயல் மானிடோபா குளிர்கால விழாவும் ஊரை நிரப்பிவிடும். மே மாதம் கடை திறந்து மூன்று மாத விற்பனையைப் பார்த்தே மனம் உடைகிறவரும், ஜனவரியில் திறந்து அந்தக் கூட்டம் ஆண்டு முழுவதும் வரும் என்று நம்பி ஆட்களைச் சேர்க்கிறவரும் ஒரே பிழையைத்தான் செய்கிறார்கள். குறைந்தது பன்னிரண்டு மாதச் செலவுக்கான தொகை கையில் இல்லாமல் இங்கே தொடங்க வேண்டாம் என்பதே என் கருத்து.

அடுத்தது, ஒரே ஆலையின் வாசலை நம்பித் தொழில் தொடங்குவது. 1999-இல் மேப்பிள் லீஃப் ஃபுட்ஸ் திறந்த பன்றி இறைச்சி ஆலை நாட்டின் மிகப் பெரியவற்றுள் ஒன்று. எல் சால்வடார், கொலம்பியா, சீனா எனப் பல நாட்டுத் தொழிலாளர்கள் அதற்காகவே குடியேறி நகரத்தின் முகத்தை மாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கான மளிகை, பணம் அனுப்பும் சேவை, இரவு ஷிப்ட் முடிந்து வருகிறவருக்குச் சூடான சாப்பாடு ஆகிய எல்லாமே உண்மையான வாய்ப்புகள்தான். ஆனால் 2025-இல் அந்நிறுவனம் தன் பன்றி இறைச்சித் தொழிலைக் 'கனடா பேக்கர்ஸ்' என்ற தனி நிறுவனமாகப் பிரித்தது. அதே ஆண்டு மார்ச்சில் சீனா கனடாவின் பன்றி இறைச்சிக்கு 25 சதவீதமும், கனோலா எண்ணெய், பிண்ணாக்கு, பட்டாணி ஆகியவற்றுக்கு 100 சதவீதமும் கூடுதல் சுங்கவரி விதித்தது. பெய்ஜிங்கில் எடுக்கும் முடிவு பிராண்டன் விக்டோரியா அவென்யூவின் கல்லாப்பெட்டி வரைக்கும் வரும் என்பதற்கு இதைவிட வேறு சான்று தேவையில்லை. ஆகவே ஆலைத் தொழிலாளர்களோடு சேர்த்து, விலை ஏற்ற இறக்கம் தொடாத சம்பளக்காரர்களையும் வாடிக்கையாளராக்கிக்கொள்ள வேண்டும். பிராண்டன் பல்கலைக்கழகம், அசினிபோயின் கல்லூரி, வட்டார மருத்துவமனை, கிழக்கே உள்ள ஷைலோ படைத்தளம் ஆகியவை இந்த ஊரின் நிலையான தூண்கள்.

வருகிறவர்களில் பெரும்பாலோர் உணவகம் அல்லது பெட்ரோல் நிலையக் கடையைத் தாண்டி யோசிக்காததும் வருத்தத்துக்குரியது. கார்பெரியில் மெக்கெய்ன் நிறுவனத்தின் உருளைக்கிழங்கு வறுவல் ஆலை, பிராண்டனிலேயே கோக் (Koch) நிறுவனத்தின் நைட்ரஜன் உர ஆலை, வெர்டனைச் சுற்றி எண்ணெய்க் கிணறுகள் என்று இருக்கும் இடத்தில் வெல்டிங், குளிர்பதனப் பழுது, லாரி பராமரிப்பு, ஆலைத் துப்புரவு, பண்ணைக் கணக்கு எழுதுதல் போன்ற வேலைகளுக்குத் தேவை இருந்துகொண்டே இருக்கும். ஓய்வு பெறும் முதலாளியிடமிருந்து இத்தகைய தொழிலை வாங்குவது நல்ல வழி. ஆனால் வாடிக்கையாளரின் நம்பிக்கை பெயர்ப்பலகையின் மேல் அல்ல, அந்த மனிதரின் மேல் இருக்கும். விதைப்பிலிருந்து அறுவடை வரையாவது அவர் உடனிருந்து உங்களை அறிமுகப்படுத்துவார் என்று ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

டொராண்டோ இருக்கும் ஒன்டாரியோ மாகாணத்திலிருந்து வருகிறவர்கள் விற்பனை வரியில் தடுமாறுகிறார்கள். அங்கே 13 சதவீத ஒருங்கிணைந்த வரி ஒன்றே. இங்கே மத்திய அரசுக்கு 5 சதவீத ஜிஎஸ்டி, மாகாணத்துக்கு 7 சதவீத சில்லறை விற்பனை வரி என இரண்டு, இரண்டுக்கும் தனித்தனிக் கணக்கு. தொழிலுக்காக வாங்கிய அடுப்புக்கோ குளிர்ப்பெட்டிக்கோ செலுத்திய ஜிஎஸ்டியைத் திரும்பப் பெறலாம், மாகாண வரியைப் பெற முடியாது. அந்த 7 சதவீதத்தை முதலீட்டுத் திட்டத்திலேயே சேர்த்துவிட வேண்டும். சிறு நிறுவனங்களின் முதல் 5 லட்சம் டாலர் வருமானத்துக்கு மானிடோபாவின் நிறுவன வருமான வரி சுழியம் என்பதையும் கணக்காளரிடம் கேட்டுப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

நிரந்தர வதிவிட உரிமையையும் கடை வாங்குவதையும் ஒன்றாக முடிச்சுப் போடுவது மிக ஆபத்தான தவறு. பிராண்டன் இடம்பெற்ற பழைய கிராமப்புறக் குடியேற்ற முன்னோடித் திட்டம் 2024-இல் மூடப்பட்டு, 2025-இல் புதிய திட்டம் வந்திருக்கிறது. இரண்டுமே உள்ளூர் நிறுவனம் தரும் வேலைவாய்ப்பை அடிப்படையாகக் கொண்டவை. சொந்தக் கடை வைத்திருப்பது அங்கே தகுதி ஆகாது. தொழில் முனைவோருக்கு மாகாணம் தனிவழி வைத்திருக்கிறது. விதிகளை மாகாண அரசின் தளத்திலேயே படியுங்கள். கடையை விற்கிறவர் வதிவிட உரிமைக்கு உறுதி சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

இறுதியாக, இடத்தைக் கோடையில் மட்டும் பார்த்து ஒப்பந்தம் செய்யாதீர்கள். மைனஸ் 30 டிகிரியில் சூடேற்றும் செலவும் பனி அள்ளும் செலவும் யாருடையவை என்று குத்தகைப் பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். பனிப்புயலில் நெடுஞ்சாலை மூடப்பட்டால் வின்னிப்பெக் லாரி வராது. ஒரு வாரச் சரக்காவது பின்னறையில் இருக்கட்டும். 2011 மே மாதம் அசினிபோயின் பெருகியபோது ஆற்றுத் தாழ்வில் இருந்த வீடுகளையும் கடைகளையும் காலி செய்ய நேர்ந்தது. அதன் பிறகு கரைகள் உயர்த்தப்பட்டிருக்கின்றன என்றாலும், 18-ஆம் தெருவில் பாலத்தை ஒட்டி இடம் பார்க்கிறவர்கள் கையெழுத்திடும் முன் நகராட்சியில் வெள்ள வரைபடத்தைக் கேட்டுப் பார்த்து, காப்பீட்டில் ஆற்று வெள்ளமும் அடங்குமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.