அழவைக்கும் கதையை வாய்விட்டு வாசிக்க

அம்மாவுக்கு எண்பது வயது. கண்ணில் பிரஷர் ஏறி, இப்போது எதிரில் நிற்கும் ஆளே நிழலாகத்தான் தெரியும். ஏழாவதோடு படிப்பை நிறுத்தினாலும், வாரப் பத்திரிகைத் தொடர்கதைகளைப் படித்தே வளர்ந்தவள். அதனால் மூன்று வருஷமாக ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் அரைமணி நேரம் நான் வாசிக்கிறேன், அவள் கேட்கிறாள். சிரிப்புக் கதை அவளுக்கு ஆகாது. "நல்லா அழுகிற மாதிரி எதாவது எடு" என்பாள். அப்படிப்பட்ட கதையை மனசுக்குள் படித்துக்கொள்வது சுலபம். வாய்விட்டு வாசிப்பது வேறு வேலை. என்னைப் போல வீட்டுப் பெரியவர்களுக்கு வாசிக்கிறவர்களுக்காக, பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

முதலில், கேட்பவருக்கு எங்கே வலிக்கும் என்று பாருங்கள். நான் பார்க்கவில்லை. அப்பா போய் ஆறு மாதம்கூட ஆகாத நேரத்தில் புதுமைப்பித்தனின் 'செல்லம்மாள்' கதையை எடுத்துவிட்டேன். மனைவியின் மூச்சு அடங்குவதில்தான் அந்தக் கதையே தொடங்கும். ஒரு பக்கம் தாண்டவில்லை, அம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அழவில்லை. இரண்டு நாள் என்னோடு பேசவும் இல்லை. யாரோ ஒருவருடைய துக்கத்துக்கு அழுவது மனசுக்கு ஆறுதல். தன் துக்கத்தையே எடுத்து எதிரில் வைத்தால் கண்ணீர்கூட வராது போலிருக்கிறது. அந்தக் கதையை ஒன்றரை வருஷம் கழித்து அவளே கேட்டு வாங்கினாள்.

நாவலைவிடச் சிறுகதை நல்லது. தேயிலைத் தோட்டங்களில் டாக்டராக இருந்த பி.எச். டேனியல் ஆங்கிலத்தில் எழுதி 1969ல் வந்த நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் தந்திருக்கிறார். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து பிழைக்கப் போகும் கருப்பன், வள்ளியின் கதை. அருமையான புத்தகம்தான். ஆனால் தினம் அரைமணி நேரமாக வாரக்கணக்கில் அவர்கள் படும் பாட்டைக் கேட்க அம்மாவால் முடியவில்லை. "அதுக ஊருக்குத் திரும்புனா சொல்லு, இப்ப வேணாம்" என்றாள். சிறுகதை என்றால் ஒரே உட்காரலில் அழுது முடித்துச் சாப்பிடப் போய்விடலாம்.

அப்புறம் ஒத்திகை. முதல் நாளே தனியாக, சத்தமாக வாசித்துப் பாருங்கள். மனசுக்குள் படிக்கும்போது தாண்டிப் போன வரி, சத்தமாக வாசிக்கும்போது தொண்டையைப் பிடிக்கும். பிடித்த இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போடுங்கள். என் புத்தகங்களில் அந்தக் கோடுகளைப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கும்: சாவு வருகிற இடத்தில் கோடே இருக்காது.

கு. அழகிரிசாமியின் 'அன்பளிப்பு' கதையையே எடுத்துக்கொள்வோம். எங்கள் கோவில்பட்டிப் பக்கத்து இடைசெவல்காரர். 1970ல் அவர் மறைந்தபின் சாகித்திய அகாதெமி பரிசு கிடைத்த தொகுப்பின் பெயரும் இதுதான். கதை தெரியாதவர்கள் அடுத்த பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள்.

பக்கத்துப் பிள்ளைகளுக்கெல்லாம் செல்லமான ஒருவர் டைரி கொண்டுவந்து கொடுக்கிறார். சாரங்கன் என்ற பையனுக்குக் கிடைக்காது. ஒரு நாள் அவன் இவரைத் தன் வீட்டுக்கு வருந்தி அழைத்துப் போகிறான். உபசாரமெல்லாம் முடிந்ததும், தானே ஒரு டைரியை எடுத்து நீட்டி எழுதச் சொல்கிறான். என்ன எழுத வேண்டும் என்பதையும் அவனே சொல்கிறான். யாரும் சாகவில்லை. ஆனால் அவன் டைரியை எடுக்கும் வரியில் என் பென்சில் மூன்று கோடு போட்டிருக்கிறது.

அந்த இடத்தில் வேகத்தைக் குறைக்காதீர்கள். குரலை இழுத்து நடுங்கவிட்டால் நாடகமாகிவிடும். ரேஷன் கடைச் சீட்டை வாசிப்பது போலச் சாதாரணமாக வாசியுங்கள். சாரங்கன் சொல்வதற்கும் அதே சாதாரணக் குரல் போதும். நான் அப்படித்தான் வாசித்து முடித்தேன். கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம் மட்டும்தான். பிறகு அம்மா கேட்டாள்: "அந்தப் பயலுக்கு டைரி வாங்கத் துட்டு யாரு குடுத்தா?" கேட்டுவிட்டுத்தான் அழுதாள்.

தொண்டை அடைத்தால் எச்சிலை விழுங்கிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். அழுகை வரும்போது மூச்சுக்கான வழி விரிந்து நிற்கப் பார்க்கும். விழுங்குவதற்கோ அது மூட வேண்டும். இந்த இழுபறிதான் தொண்டையில் உருண்டையாக நிற்பது போலத் தோன்றுகிறது. நிறுத்தி, வாயால் மெதுவாக மூச்சை வெளியே விடுங்கள். பிறகு ஒரு வாய் வெந்நீர். கோடு போட்ட வரி வருமுன் டம்ளர் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். கேட்பவரின் முகத்தை மட்டும் அப்போது பார்த்துவிடாதீர்கள், போச்சு.

முடிந்ததும் "எப்படி இருந்துச்சு?" என்று கேட்க வேண்டாம். நான் புத்தகத்தை மூடிவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவேன். பத்து நிமிஷம் கழித்துத் தோசைக்கல்லை வைத்தால் சரியாக இருக்கும்.

இவ்வளவு சொல்கிற நானும் போன வாரம் மாட்டிக்கொண்டேன். அழகிரிசாமியின் 'ராஜா வந்திருக்கிறார்'. பிள்ளைகள் பெருமையடிக்கும் போட்டியில் சிரிக்கவைத்துத் தொடங்கும் கதை என்பதால், ஒத்திகை வேண்டாம் என்று விட்டுவிட்டேன். கடைசிப் பக்கத்தில் சத்தமே வரவில்லை. டம்ளரும் காலி.

அம்மா கொஞ்ச நேரம் பார்த்தாள். "ஏட்டி, போயி மூக்கைச் சிந்திட்டு வா. நான் எங்க போயிரப் போறேன்" என்றாள்.