ஒரே பட்டன், மூன்று விளக்கு ஆட்டம்: பிக்கோவில் வேலையை நடுவில் மாற்றுவது எப்படி?

ஆடி பிறந்துவிட்டால் சேலத்தில் சீரியல் லைட்டுக்குப் பஞ்சமே இருக்காது. கோட்டை மாரியம்மன் திருவிழா, குகையிலும் அம்மாப்பேட்டையிலும் வண்டி வேடிக்கை என்று ஊரே மினுங்கும். கடையில் வாங்கும் சீரியல் செட்டில் ஒரு சின்னப் பட்டன் இருக்குமே, அழுத்த அழுத்த விளக்கின் ஆட்டம் மாறுமே, அதையே ராஸ்பெர்ரி பை பிக்கோ என்ற சின்ன மைக்ரோகன்ட்ரோலர் போர்டில், மைக்ரோபைத்தான் (இந்த மாதிரிச் சின்னப் போர்டுகளுக்கான பைத்தான் மொழி) கொண்டு செய்யப் போகிறோம்.

நாலு எல்இடியை எரிய வைப்பது யாருக்கும் வரும். ஒரு ஆட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அதை நிறுத்தி, மிச்சம் மீதி இல்லாமல் அணைத்து, அடுத்ததைத் தொடங்குவதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். அதனால் வயரிங்கைச் சீக்கிரம் முடித்துவிட்டு அந்த இடத்துக்குப் போவோம்.

தேவையானவை

பிக்கோ ஒன்று, பிரெட்போர்டு (சால்டர் இல்லாமல் வயர்களைக் குத்தி இணைக்கும் பலகை), சிவப்பு எல்இடி 4, 330 ஓம் ரெசிஸ்டர் 4, நாலு கால் உள்ள சின்னப் பட்டன், ஜம்பர் வயர்கள், யுஎஸ்பி கேபிள். கேபிள் வெறும் சார்ஜ் ஏற்றும் ரகமாக இருந்தால் கணினிக்குப் பிக்கோ தெரியவே தெரியாது. டேட்டாவும் போகிற கேபிள் வேண்டும்.

சிவப்பு எல்இடி என்று சொன்னதற்குக் காரணம் உண்டு. பிக்கோவின் பின்கள் 3.3 வோல்ட் தருபவை. சிவப்பு சுமார் 2 வோல்ட் எடுத்துக்கொள்ளும், மிச்சமுள்ள 1.3 வோல்ட் 330 ஓம் வழியாகப் போனால் 4 மில்லிஆம்பியர் அளவில் நிற்கும். நீலத்துக்கும் வெள்ளைக்கும் கிட்டத்தட்ட 3 வோல்ட் வேண்டும் என்பதால் மங்கலாகத்தான் எரியும்.

படி 1: வயரிங்

யுஎஸ்பி மேலே இருக்கும்படி பிக்கோவை வையுங்கள். இடது ஓரத்தில் மேலிருந்து எண்ணினால் 14, 15, 16, 17-ஆவது கால்கள் ஜிபி10 முதல் ஜிபி13 வரை. அடுத்த 18-ஆவது கால் கிரவுண்ட். நாலு காலிலிருந்தும் ரெசிஸ்டர், அதிலிருந்து எல்இடியின் நீளக் கால். குட்டைக் கால்கள் எல்லாம் பிரெட்போர்டின் நீலக் கோட்டுக்கு, நீலக் கோட்டிலிருந்து ஒரு வயர் 18-க்கு.

பட்டனின் ஒரு காலை 20-ஆவது காலுக்கும் (ஜிபி15), இன்னொரு காலை நீலக் கோட்டுக்கும் கொடுங்கள். நாலு கால் பட்டனில் இரண்டிரண்டு கால்கள் உள்ளேயே சேர்ந்திருக்கும். சேர்ந்த ஜோடியிலேயே இரண்டு வயரையும் குத்திவிட்டால், அழுத்தாமலே அழுத்தியதாகக் காட்டும். மூலைக்கு மூலை எதிரெதிரான கால்களைப் பிடித்தால் இந்தக் குழப்பமே வராது.

படி 2: மைக்ரோபைத்தான் ஏற்றுதல்

பூட்செல் பட்டனைப் பிடித்துக்கொண்டே யுஎஸ்பியைச் செருகினால் பிக்கோ ஒரு பென்டிரைவ் போல வந்து நிற்கும். மைக்ரோபைத்தானின் யுஎஃப்2 கோப்பை அதில் இழுத்துப் போடுங்கள், அவ்வளவுதான். எழுதுவதற்குத் தோனி (Thonny) எடிட்டர் போதும். 2023-இல் வந்த 1.21 பதிப்புக்கு முந்தையது என்றால் நமக்கு வேண்டிய நூலகம் யுஅசிங்க்ஐஓ (uasyncio) என்ற பழைய பெயரில் இருக்கும். புதியதைப் போட்டுக்கொண்டு அசிங்க்ஐஓ (asyncio) என்றே எழுதுங்கள்.

படி 3: யோசனை

பலரும் முதலில் செய்வது இது: ஒரு மாறியில் ஆட்டத்தின் எண்ணை வைத்து, பட்டன் அழுத்தினால் எண்ணை மாற்றி, லூப்பின் தலையில் அந்த எண்ணைப் பார்ப்பது. வேகமாக மினுக்கும் ஆட்டத்தில் இது ஓடும். ஆனால் 5 விநாடி அசையாமல் எரிகிற ஆட்டம் என்றால்? அந்த 5 விநாடியும் முடிந்து லூப் திரும்பத் தலைக்கு வரும்வரை நீங்கள் அழுத்தியது யாருக்கும் கேட்காது. ஸ்லீப்பில் கிடக்கும் நிரலுக்குக் காது கிடையாது.

அசிங்க்ஐஓ வேறு மாதிரி. அம்மாப்பேட்டைத் தறிக்கூடத்தில் ஒரே ஆள் நாலு தறியைப் பார்த்துக்கொள்வதைப் போல, ஒரே செயலி பல வேலைகளைப் பார்க்கிறது. ஒரு வேலை ‘எனக்குக் கொஞ்ச நேரம் ஒன்றும் தேவையில்லை’ என்று சொன்னால் அடுத்ததுக்குப் போகும். அப்படிச் சொல்லும் சொல்தான் அவெய்ட். இதை ஒன்றை மட்டும் மனதில் போட்டுக்கொள்ளுங்கள்: அவெய்ட் இருக்கிற இடத்தில்தான் வேலையை நிறுத்த முடியும். அவெய்ட் இல்லாத நீண்ட லூப்பை எந்தப் பட்டனாலும் அசைக்க முடியாது.

படி 4: ஆட்டங்களை எழுதுதல்

எடிட்டரில் ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டிய கட்டளைகளை இங்கே உச்சரிப்பில் தருகிறேன். பெயர்களை உங்கள் இஷ்டப்படி வைத்துக்கொள்ளலாம்.

முதலில் நாலு பின்னையும் அவுட்புட்டாக அமைத்து ‘விளக்குகள்’ என்ற பட்டியலில் போடுங்கள். பட்டன் பின் இன்புட், புல்அப் சேர்த்து. புல்அப் போட்டால் சும்மா இருக்கும்போது 1, அழுத்தினால் 0 என்று படிக்கும். நாலையும் அணைக்கும் ‘அணை’ என்ற சாதாரண ஃபங்ஷன் ஒன்று. அப்புறம் முதல் ஆட்டம்:

அசிங்க் டெஃப் ஓட்டம்():
    ட்ரை:
        வைல் ட்ரூ:
            ஃபார் வி இன் விளக்குகள்:
                வி.ஆன்()
                அவெய்ட் அசிங்க்ஐஓ.ஸ்லீப்_எம்எஸ்(120)
                வி.ஆஃப்()
    ஃபைனலி:
        அணை()

வேலையை யாராவது ரத்து செய்தால், அது உறங்கிக்கொண்டிருக்கும் அவெய்ட் வரியிலேயே கேன்சல்ட்எரர் என்ற பிழை எழும். அப்போது ஒரு விளக்கு எரிந்துகொண்டுதான் இருக்கும், வி.ஆஃப் வரி ஓடவே ஓடாது. அதனால்தான் ஃபைனலி. எப்படி வெளியேறினாலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் போகும்.

இரண்டாவது ‘மினுக்கு’: நாலும் எரிந்து 300 மில்லிவிநாடி, அணைந்து 300 மில்லிவிநாடி. மூன்றாவது ‘நிலை’: நாலும் 5 விநாடி எரிந்து, அரை விநாடி அணைந்து, திரும்ப எரியும். இரண்டுக்கும் அதே ட்ரை, ஃபைனலி கூடு. டைம்.ஸ்லீப் எங்கேயும் வரக் கூடாது. வந்தால் அந்த நேரம் முழுக்க மற்ற எல்லா வேலையும் நின்றுவிடும்.

படி 5: பட்டனைக் கேட்பது

பட்டனுக்குள் இருப்பது சின்ன உலோகத் தகடு. அழுத்தும்போது அது சில மில்லிவிநாடிகளுக்குத் துள்ளும். நாம் ஒரு முறை அழுத்தியதை மூன்று நாலு முறை என்று பிக்கோ எண்ணிக்கொள்ளும். ஓட்டத்திலிருந்து மினுக்குக்குப் போகாமல் நிலைக்குத் தாவும். அதனால் ‘அழுத்தம்’ என்ற அசிங்க் ஃபங்ஷனை இப்படி எழுதுங்கள்: பட்டன் 0 ஆக இருக்கும்வரை 10 மில்லிவிநாடிக்கு ஒரு முறை அவெய்ட் போட்டுக் காத்திருங்கள் (முந்தைய அழுத்தத்தில் விரல் இன்னும் எடுக்கப்படாமல் இருக்கலாம்). பிறகு அதே 10 மில்லிவிநாடிக் கணக்கில் 0 வருகிறதா என்று பாருங்கள். வந்தால் 20 மில்லிவிநாடி பொறுத்து மறுபடி பாருங்கள். அப்போதும் 0 என்றால்தான் ரிட்டர்ன்.

இன்டரப்ட் (பின்னில் மாற்றம் வந்த கணமே, நடக்கும் வேலையை இடைமறித்து ஓடும் ஃபங்ஷன்) வைக்க வேண்டாமா என்று கேட்பீர்கள். என் கருத்தில், விரலால் அழுத்தும் பட்டனுக்கு அது வீண் சுமை. 10 மில்லிவிநாடித் தாமதத்தை எந்த மனிதனும் உணரப் போவதில்லை. இன்டரப்ட்தான் வேண்டும் என்றால் அதற்குள் த்ரெட்சேஃப்ஃபிளாக் (அசிங்க்ஐஓ வேலைக்குச் சைகை காட்டும் கொடி) ஒன்றை செட் செய்வதோடு நிறுத்துங்கள். வேலையை ரத்து செய்யும் காரியத்தை அங்கே வைக்காதீர்கள்.

படி 6: மாற்றும் இடம்

வகைகள் = [ஓட்டம், மினுக்கு, நிலை]

அசிங்க் டெஃப் மெயின்():
    எண் = 0
    வேலை = அசிங்க்ஐஓ.கிரியேட்_டாஸ்க்(வகைகள்[எண்]())
    வைல் ட்ரூ:
        அவெய்ட் அழுத்தம்()
        வேலை.கேன்சல்()
        ட்ரை:
            அவெய்ட் வேலை
        எக்செப்ட் அசிங்க்ஐஓ.கேன்சல்ட்எரர்:
            பாஸ்
        எண் = (எண் + 1) % 3
        வேலை = அசிங்க்ஐஓ.கிரியேட்_டாஸ்க்(வகைகள்[எண்]())

அசிங்க்ஐஓ.ரன்(மெயின்())

பட்டியலில் பெயர்களுக்குப் பின்னால் அடைப்புக்குறி இல்லை, கவனித்தீர்களா? அங்கேயே கூப்பிட்டு வைத்தால் ஒவ்வொன்றும் ஒரு தடவைதான் பயன்படும். மூன்று ஆட்டமும் முடிந்து திரும்ப ஓட்டத்துக்கு வரும்போது கதை முடிந்துவிடும். ஒவ்வொரு முறையும் புதிதாகக் கூப்பிடுவதால்தான் சுற்று தொடர்கிறது.

கேன்சல் போட்டவுடன் எதற்கு மறுபடி ‘அவெய்ட் வேலை’? கேன்சல் என்பது ஒரு கோரிக்கை மட்டும். பழைய வேலைக்கு அடுத்த முறை வரும்போதுதான் அதன் ஃபைனலி ஓடும். அதற்குள் புதிய வேலையைத் தொடங்கிவிட்டால், புதிய ஆட்டம் ஏற்றிய விளக்கைப் பழைய ஆட்டம் போகிற போக்கில் அணைத்துவிடலாம். மினுக்கில் இது கண்ணுக்கே தெரியாது. நிலையில் 5 விநாடி இருட்டாக இருக்கும், காரணம் புரியாமல் வயரைப் பிடுங்கிப் பிடுங்கிக் குத்துவோம். பழையது முழுவதும் முடியும்வரை காத்திருக்கும் அந்த ஒரு வரி இந்தத் தலைவலியைத் தீர்த்துவிடும்.

ரன் கொடுத்ததும் முதலில் ‘நிலை’க்குப் போய், விளக்கு எரிந்த உடனேயே பட்டனை அழுத்திப் பாருங்கள். 5 விநாடிக்குக் காத்திராமல் சட்டென்று ஓட்டத்துக்கு மாறினால் எல்லாம் சரி.

சரியாக வரவில்லையா?

அழுத்தியும் மாறாமல் அப்படியே நின்றுவிட்டால், ஆட்டத்துக்குள் நீங்களே ஒரு எக்செப்ட் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். எந்தப் பிழை என்று சொல்லாத வெறும் எக்செப்ட், கேன்சல்ட்எரரையும் விழுங்கிவிடும். வேலை ஒன்றுமே நடக்காதது போல ஓடிக்கொண்டிருக்கும், மெயின் அது முடியட்டும் என்று காத்துக்கிடக்கும். எக்செப்ட் எக்செப்ஷன் என்று எழுதினால் இந்தச் சிக்கல் இல்லை, கேன்சல்ட்எரர் அந்த வகைக்குள் வராது.

அப்படி எக்செப்ட் எதுவும் இல்லாமலே, எத்தனை முறை அழுத்தினாலும் முதல் ஆட்டத்தை விட்டு அசையாவிட்டால், படி 1-இல் சொன்ன ஜோடிக் காலில் வயரைக் குத்தியிருப்பீர்கள்.

கோயில் பந்தலில் தொங்கும் 230 வோல்ட் சீரியல் செட்டை இந்தப் பின்களோடு எந்தக் காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். பெரிதாகச் செய்ய ஆசை என்றால் 12 வோல்ட் எல்இடி ஸ்ட்ரிப், அதற்குத் தனி அடாப்டர், நடுவில் 3.3 வோல்ட்டிலேயே முழுதாகத் திறக்கும் மாஸ்ஃபெட் (பின்னின் சின்ன மின்சாரத்தால் பெரிய மின்சாரத்தைத் திறந்து மூடும் சுவிட்ச்). அடாப்டரின் கிரவுண்டும் பிக்கோவின் கிரவுண்டும் சேர்ந்திருக்க வேண்டும்.

கணினி இல்லாமல் ஓட நிரலை மெயின்.பை என்ற பெயரில் பிக்கோவிலேயே சேமியுங்கள். மின்சாரம் வந்ததும் தானாகத் தொடங்கும். பவர் பேங்கில் போட்டுச் சிறிது நேரத்தில் தானே அணைந்தால் நிரலைச் சந்தேகப்பட வேண்டாம். இவ்வளவு குறைந்த மின்னோட்டத்தை ‘ஒன்றும் செருகவில்லை’ என்று எடுத்துக்கொள்ளும் பவர் பேங்குகள் நிறைய உண்டு. போன் சார்ஜரில் செருகிவிடுங்கள்.