மனசாட்சியில் காயம்பட்டுத் திரும்பியவரிடம் எப்படிப் பேசுவது?

தருமபுரிப் பக்கம் தொப்பூர் கணவாயில் பாரம் ஏற்றிய லாரி பிரேக் பிடிக்காமல் இறங்கி முன்னால் போன வண்டிகளை நசுக்கும்போது, முதலில் வந்து நிற்கும் 108 ஆம்புலன்ஸில் ஓர் ஓட்டுநரும் ஒரு மருத்துவ உதவியாளரும் மட்டுமே இருப்பார்கள். எனக்குத் தெரிந்த அப்படியோர் உதவியாளர், பிழைக்க வாய்ப்புள்ளவரை முதலில் தூக்க வேண்டும் என்ற விதிப்படியே நடந்துகொண்டார். அவரை யாரும் குறை சொல்லவில்லை. ஆனாலும் "அந்தப் பையனோட அம்மா என் காலைப் புடிச்சாங்க, நான் உதறிட்டுப் போய் அடுத்த ஆளைத் தூக்கினேன்" என்பதை மூன்று மாதமாகத் தம் மனைவியிடம் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தார். இப்படி ஒருவர் உங்கள் வீட்டிலோ பணியிடத்திலோ இருந்தால் என்ன செய்யலாம் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

அவரிடம் இருப்பது பயம் அன்று, சரி என்று நம்பியது மீறப்பட்டதால் வந்த மனசாட்சிக் காயம் என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள். பாஸ்டனில் வியட்நாம் போர் வீரர்களுக்குச் சிகிச்சை அளித்த மனநல மருத்துவர் ஜோனதன் ஷே, 1990களில் இந்த மனசாட்சிக் காயத்தைப் பற்றி எழுதியபோது, உயிர் ஊசலாடும் நேரத்தில் அதிகாரத்தில் இருப்பவர் நியாயத்தைக் கைவிடுவதே அதன் வேர் என்றார். 2009இல் உளவியலாளர் பிரெட் லிட்ஸும் அவருடைய குழுவினரும், தானே செய்ததும் தடுக்கத் தவறியதும் கண்ணால் கண்டதும்கூட இதே காயத்தை உண்டாக்கும் என்று விரித்தார்கள். அதிர்ச்சிக்குப் பின் வரும் மனநோயில் உடல் இல்லாத ஆபத்துக்குத் திடுக்கிடுகிறது. இங்கே மனிதர் தம்மையே கூண்டில் ஏற்றித் தாமே தீர்ப்பும் எழுதிவிடுகிறார். இரண்டும் ஒருவரிடமே சேர்ந்து வருவதும் உண்டு. பாரதக் கூத்தை விடிய விடியப் பார்த்து வளர்ந்த நம் பக்கத்தவர்களுக்கு இது புதிதல்ல. துரோணரிடம் அரைப்பொய் சொன்ன பிறகு, அதுவரை தரையில் படாமல் ஓடிய தருமரின் தேர் மண்ணைத் தொட்டுவிட்டதல்லவா?

அடையாளம் காண்பதற்கு அவருடைய சொற்களையே கவனியுங்கள். தூக்கமின்மையும் குடியும் எரிச்சலும் பல காரணங்களால் வரும். ஆனால் "எனக்கு அந்தத் தகுதி இல்லை" என்று திருவிழாவில் மரியாதையை மறுப்பதும், பதக்கத்தை டிரங்குப் பெட்டியின் அடியில் போட்டுவிடுவதும், பேரக்குழந்தையைத் தூக்கத் தயங்குவதும் வெட்கத்தின் அடையாளங்களாக இருக்கலாம். மேலதிகாரிகள் பெயரைக் கேட்டாலே கொதிப்பவரிடம், கைவிடப்பட்ட கோபம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெரும்பாலோர் தவறுவது அடுத்த கட்டத்தில்தான். என் பெரியப்பா இந்திய அமைதிப் படையோடு இலங்கையில் இருந்தவர். அந்தப் படை 1987 முதல் 1990 வரை அங்கே இருந்தது. முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு, களத்தில் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தபோது, ஒரு வீட்டைச் சோதனை போட்ட நாளில் கிழவி ஒருத்தி தம்மைத் "தம்பி" என்று அழைத்து ஏதோ கேட்டதையும், தாம் தமிழ் தெரியாதவர் போல நின்றதையும் என் அப்பாவிடம் சொன்னார். "டியூட்டிதானேண்ணா, அதையெல்லாம் ஏன் நெனைக்கிறீங்க" என்றார் அப்பா. நல்லெண்ணத்தில் சொன்னதுதான், அதன் பிறகு இரண்டு ஆண்டுகள் பெரியப்பா அதைப் பற்றி வாய் திறக்கவில்லை. ஒரு நாள் என் அத்தை மட்டும், "அந்தம்மா என்னண்ணா கேட்டாங்க?" என்றாள். அன்று இருட்டும்வரை பேசினார்.

ஆகவே "உங்கள் தப்பு எதுவும் இல்லை" என்று அவசரப்பட்டுச் சொல்லாதீர்கள். அவர் அதைத் தீர்ப்பாக அல்ல, பேச்சை முடிக்கும் சாக்காகவே கேட்பார். எத்தனை பேரைச் சுட்டீர்கள் என்ற கேள்வியும் வேண்டாம். உறவினர் கூடிய கூடத்தில் பேச வைக்காமல், மாந்தோப்புக்குத் தண்ணீர் கட்டப் போகும்போதோ வண்டியில் பின்னால் உட்கார்ந்து போகும்போதோ, முகம் பார்க்கத் தேவையில்லாத இடத்தில், "அப்புறம் என்ன ஆச்சு?" என்று மட்டும் கேளுங்கள்.

சில நாள் பேசிய பிறகு, அவர் இசைந்தால், பங்கு பிரித்துப் பாருங்கள். இதுவே கடினமான வேலை; எனவே ஒரே அமர்வில் முடிக்க முயல வேண்டாம். அந்த நேரத்தில் அவருக்கு என்ன தெரிந்திருந்தது, கையில் எத்தனை ஸ்ட்ரெச்சர் இருந்தது, யார் உத்தரவிட்டார்கள், அடுத்த வண்டி வர எவ்வளவு நேரம் ஆனது என்பதையெல்லாம் ஒரு தாளில் எழுத வைத்தால், முழுவதும் தம்முடையது என்று அவர் சுமந்ததில் பெரும்பகுதி பலருக்கும் சேர்ந்தது என்பது அவர் கையெழுத்திலேயே தெரியும். அப்படியும் ஒரு சிறு பங்கு அவரிடம் மிஞ்சலாம். அதை அழிக்க முயலாதீர்கள். அதற்கு ஈடாகச் செய்யக்கூடியது எது என்று அவரையே கேளுங்கள். பெரியப்பா இப்போது மாதம் ஒருமுறை, எங்கள் ஊருக்கு அருகிலுள்ள இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாமிலிருந்து ஒரு மூதாட்டியைச் சர்க்கரை மாத்திரை வாங்க ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறார். ஈடு செய்வது தன்னைத் தண்டித்துக்கொள்வதாக, பட்டினி கிடப்பதாகவோ ஓய்வே இல்லாமல் கூடுதல் ஷிப்ட் பார்ப்பதாகவோ மாறினால், அதைத் தடுக்க வேண்டும்.

பணியிடத்தில் தலைமைச் செவிலியரோ காவல் ஆய்வாளரோ செய்ய வேண்டியது வேறு. மோசமான ஷிப்டுக்குப் பிறகு பத்து நிமிடம் உட்கார்ந்து, எது போதாமல் போயிற்று என்று பேசிவிட்டு, "அந்த முடிவு என்னுடையது" என்று மேலே இருப்பவர் வாய்விட்டுச் சொன்னால், கீழே இருப்பவர் தனியாகச் சுமக்க மாட்டார்.

சாவைப் பற்றிய பேச்சு வந்தால் இவை எதற்கும் காத்திருக்காமல், தோட்டத்துப் பூச்சிமருந்தையும், லைசென்ஸ் துப்பாக்கி இருந்தால் அதையும் அவர் கைக்கு எட்டாமல் அப்புறப்படுத்தி, அவரைத் தனியே விடாமல் இருங்கள். 2022இல் தொடங்கிய டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் 14416 இரவு பகலாக இலவசமாகக் கிடைக்கிறது, தமிழில் பேசலாம். தருமபுரி, கிருஷ்ணகிரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவைக் கேளுங்கள். ஓசூர்ப் பக்கத்தவர்களுக்குப் பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல மருத்துவமனை தொலைவில்லை. முதல் முறை நீங்களும் கூடவே போங்கள். வரிசையில் நின்று எல்லாவற்றையும் சொல்ல வேண்டியதில்லை, ஓ.பி. சீட்டு வாங்கும் இடத்தில் "தூக்கம் வரலைங்க" என்று சொன்னால் போதும், மீதியை மருத்துவர் முன்னால் உட்கார்ந்த பிறகு அவரே சொல்லட்டும்.